முயல் படம் போட்ட லிப்ஸ்டிக்கை நம்பி வாங்கலாமா? மன்னார்குடி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாங்குபவர்கள் சொல்லுங்கள்

மன்னைப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம், மேக்கப் சாமான்கள் வாங்குகிற பொறுப்பு என் தலையில். விலங்குகள் மேல் சோதனை செய்யாத பொருளாகத்தான் வாங்குவது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். நான் விலங்கியல் படித்தவள், ட்ரெய்ஸ் சோதனை பாடத்திலேயே வந்தது. 1944-ல் அமெரிக்காவில் ஜான் ட்ரெய்ஸ் என்பவர் வகுத்த முறை அது, வெள்ளை முயலின் ஒரு கண்ணில் பொருளை விட்டுவிட்டு மறு கண்ணை ஒப்பிடுவதற்காக அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு, புண் எவ்வளவு என்று நாள்கணக்கில் மதிப்பெண் போடுவார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு, விட்டது கழுவிக்கொண்டு போகாது, பிடித்து வைத்தால் திமிறாமல் இருக்கும், அதனால்தான் முயல். கண் மை பூசிக்கொள்வதற்காக ஒரு உயிர் இந்தப் பாடு பட வேண்டும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்தலடிப் பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஒரு லிப்ஸ்டிக் டப்பாவைத் திருப்பிக் காட்டி "இந்தா முயல் படம் இருக்கு பாரும்மா" என்றார். முயல் இருக்கிறது, ஆனால் யார் கொடுத்த முத்திரை என்று எங்கேயும் போடவில்லை. இன்னொரு கம்பெனியில் முயலே இல்லை, பச்சைப் புள்ளி மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் 'க்ரூயல்டி ஃப்ரீ' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் படிக்க முடியாத அளவில் அச்சடித்திருக்கிறார்கள்.

எதை நம்புவது? பச்சைப் புள்ளியும் முயலும் ஒன்றா? ஆயிரக்கணக்கில் செலவு செய்ய எங்களால் முடியாது, லிப்ஸ்டிக் என்றால் 400 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது. பட்டுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் வரைக்கும் போய் வாங்கலாம். அம்மா "பயத்தமாவும் மஞ்சளும் போதாதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டை_பையன்:

எங்கள் அக்கா எல்லாமே ஆன்லைனில்தான் வாங்குகிறார். கடையில் நின்றுகொண்டு பொடி எழுத்தைப் படிக்க முடியாது, செயலியில் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். கடையில் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

மருந்தியல்_நாகை:

சகோதரி, நான் மருந்தியல் படித்துவிட்டு அழகுசாதனத் தயாரிப்பில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டம். இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பது 2014 மே மாதத்திலிருந்து தடை. அதே ஆண்டு நவம்பரில், அப்படிச் சோதித்த பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் தடை வந்துவிட்டது. தெற்காசியாவில் இந்த இரண்டையும் முதலில் செய்த நாடு நம்முடையதுதான், இதை நம் ஆட்களே நிறைய பேர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தடையைக் கொண்டுவந்தது 2013 மார்ச்சில்.

அப்படியானால் இங்கே தயாரித்து இங்கே மட்டும் விற்கிற ஒரு சின்னக் கம்பெனி முயல் படம் போட்டால் அது என்ன சொல்கிறது? சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைச் செய்திருக்கிறோம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் படத்துக்காக பத்து ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. முயல் படம் போட அரசிடம் யாரும் அனுமதி வாங்குவதில்லை, யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம்.

முத்திரைக்கு உண்மையில் மதிப்பு வருவது பல நாடுகளில் விற்கிற பெரிய கம்பெனிகளிடம். இந்தியாவுக்கு அனுப்புகிற சரக்கைச் சோதிக்காமல் இருந்துவிட்டு, வேறொரு நாட்டுச் சந்தைக்காக விலங்குச் சோதனைக்குச் சம்மதித்திருக்கலாம். சீனா இதில் பெரிய உதாரணம். 2021 மே வரைக்கும் அங்கே இறக்குமதியாகிற சாதாரண ஷாம்பு, லிப்ஸ்டிக்குக்கூட விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்தது. அதன் பிறகு உரிய தயாரிப்புத் தரச் சான்றிதழ் காட்டினால் சாதாரணப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. முடிச்சாயம், சன்ஸ்கிரீன், நிறத்தை வெளுப்பாக்கும் க்ரீம் இவையெல்லாம் 'சிறப்பு' வகை என்று வைத்திருக்கிறார்கள், அவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் வெளிநாட்டு பிராண்ட் வாங்கும்போது சன்ஸ்கிரீனையும் முடிச்சாயத்தையும்தான் முதலில் விசாரியுங்கள்.

எந்த முத்திரை என்று கேட்டால், பாய்கிற முயல், அதாவது 'லீப்பிங் பன்னி'தான் இருப்பதில் கடுமையானது. கம்பெனி மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, மூலப்பொருள் தருகிறவர்கள் வரைக்கும் கேட்டு வாங்க வேண்டும், ஒரு தேதியைக் குறித்து அதற்குப் பிறகு எந்த நிலையிலும் சோதனை இல்லை என்று உறுதி சொல்ல வேண்டும், தணிக்கைக்கும் சம்மதிக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 'பீட்டா' கொடுக்கிற முயல் பெரும்பாலும் கம்பெனி எழுதித் தருகிற உறுதிமொழியை வைத்து. இரண்டு அமைப்புகளுமே பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. டப்பாவில் இருக்கிற முயலைப் பார்க்காதீர்கள், கடையில் நின்றபடியே போனில் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். "இறுதிப் பொருள் விலங்குகளில் சோதிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால் 'இறுதி' என்ற இடத்தில் நின்று யோசியுங்கள். உள்ளே போகிற ஒரு ரசாயனம் தனியாக வேறொரு சட்டத்தின் கீழ் சோதிக்கப்பட்டிருக்கலாம்.

இப்போது முயலுக்குப் பதிலாக என்ன செய்கிறோம் என்று விலங்கியல் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டும். மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, தோல் போலவே ஒரு மெல்லிய படலம் செய்கிறார்கள். அதன் மேல் பொருளைத் தடவி, எவ்வளவு செல்கள் உயிரோடு மிஞ்சுகின்றன என்று ஒரு சாயத்தின் நிறத்தை வைத்து அளக்கிறோம். உயிரோடு இருக்கிற செல் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. அந்தச் சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எரிச்சல் தரும் சரக்கு போட்ட கிண்ணம் வெளிறிப்போய் நிற்பது கண்ணுக்கே தெரியும். முயல் தோல் சோதனையைவிட மனிதத் தோலுக்கு இதுவே நெருக்கமான பதிலைத் தருகிறது. கண்ணுக்கான ஒரு சோதனையில் இறைச்சிக்கூடத்திலிருந்து வருகிற மாட்டு விழிப்படலத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக உயிருள்ள விலங்கு எதுவும் அங்கே இல்லை, ஆனால் விலங்கே சம்பந்தப்படவில்லை என்று சொல்ல முடியாது.

பச்சைப் புள்ளி வேறு கணக்கு. உள்ளே இருக்கிற பொருள் சைவமா அசைவமா என்பதைத்தான் அது சொல்லும். சோதனையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

குடந்தை_ஒப்பனை:

மேலே நாகைக்காரர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் கும்பகோணத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன், என் அனுபவத்தில் எல்லோரும் சோதனையைப் பற்றியே பேசிவிட்டு டப்பாவுக்குள் இருக்கிற உயிரை விட்டுவிடுகிறார்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

தங்கைக்குக் கல்யாணச் சிவப்பு, மெரூன் என்றுதானே பார்ப்பீர்கள்? அப்படியானால் முதலில் தேட வேண்டியது 'கார்மைன்' என்ற பெயர், அல்லது சி.ஐ. 75470 என்ற எண். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழ்கிற காச்சினீல் என்கிற பூச்சியைக் காயவைத்து நசுக்கி எடுக்கிற சிவப்பு அது. ஒரு பவுண்டு சாயத்துக்கு 70,000 பூச்சிகள் என்று கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருகிறது. முயல் முத்திரை இருக்கிற லிப்ஸ்டிக்கிலேயே கார்மைன் இருக்கலாம், ஏனென்றால் அந்த முத்திரை சோதனைக்கு மட்டும்தான். இரண்டும் வேண்டாம் என்றால் க்ரூயல்டி ஃப்ரீ, வீகன் (விலங்கிலிருந்து எடுத்த எதுவும் சேராதது) என்று இரண்டுமே எழுதியிருக்க வேண்டும். நம் ஊர் பிராண்டுகளில் ப்ளம் மாதிரி சிலர் தங்கள் சரக்கு முழுவதுமே வீகன் என்கிறார்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே நல்ல மெரூன் கிடைக்கும்.

லிப் பாமில் தேன்மெழுகு இருக்கும், 'செரா ஆல்பா' என்று போட்டிருப்பார்கள். லனோலின் என்றால் ஆட்டு ரோமத்தின் மெழுகு. நெயில் பாலிஷில் 'ஷெல்லாக்', அது அரக்குப் பூச்சி சுரப்பது. ஜொலிக்கிற ஐ ஷேடோவில் 'குவானின்', சி.ஐ. 75170, மீன் செதிலிலிருந்து எடுப்பது. தேன்மெழுகுக்குப் பதிலாக கேண்டலில்லா, கார்னௌபா என்று செடி, பனை மெழுகுகள் உண்டு. எனக்குப் பிடித்தது தவிட்டு மெழுகு. ஆமாம், அரிசித் தவிட்டிலிருந்து தவிட்டு எண்ணெய் எடுக்கும்போது வருவதுதான். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு உதட்டில் தேன்கூட்டைத் தடவ வேண்டுமா?

அப்புறம் பிரஷ். இதை யாருமே கேட்பதில்லை! விலை உயர்ந்த பவுடர் பிரஷ்களில் ஆட்டு முடி, அணில் முடி இருக்கிறது. 'நேச்சுரல் ஹேர்' என்று எழுதியிருந்தால் அது விலங்கின் முடிதான், பெருமைக்கு எழுதியிருக்கிறார்கள். எதுவும் எழுதாமல் இருந்தால் கடைசியில் ஒரே ஒரு இழையை உருவி எடுத்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். செயற்கை இழை சுருங்கி உருகி நுனியில் கடுகு போல் கெட்டியாக நிற்கும், ஆறியதும் நகத்தால் தட்டினால் டக்கென்று கடினமாக இருக்கும். முடி என்றால் பொசுங்கி, அந்தக் கருகிய நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாகப் போகும். நான் புதிதாக வாங்கும் பிரஷ் எதுவானாலும் இதைச் செய்யாமல் பெட்டியில் சேர்ப்பதில்லை. ஒட்டு இமைக்கு இந்தச் சோதனை பாதிதான் உதவும், ஏனென்றால் மனித முடியில் செய்தாலும் அதே நாற்றம். 'மிங்க்' என்று போட்டிருந்தால் கூண்டில் வளர்க்கிற ஒரு சின்ன விலங்கின் முடி, வேண்டவே வேண்டாம். சாதாரண செயற்கை இமையே புழுக்கத்தில் நன்றாக ஒட்டி நிற்கிறது.

இன்னொன்று, அலங்காரத்துக்கு ஆள் வைக்கிறீர்கள் என்றால் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் எவ்வளவு பார்த்து வாங்கினாலும் முகூர்த்தத்தன்று அவர் தன் பெட்டியைத்தான் திறப்பார். என்னிடம் கேட்டால் நான் சந்தோஷமாகத் தனிப் பெட்டி கொண்டுவருவேன், மற்றவர்களும் மறுக்க மாட்டார்கள்.

கரந்தைக்காரன்:

நாங்கள் தஞ்சாவூர் கரந்தையில் இருக்கிற சமணக் குடும்பம். எங்கள் வீட்டில் இது புது விஷயமே இல்லை, பாட்டி காலத்திலிருந்து தேன் கிடையாது, பட்டு கிடையாது. அதனால் சோப்பு வாங்குவதிலேயே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்கிறேன். 'சோடியம் டாலோவேட்' என்று போட்டிருந்தால் விலங்குக் கொழுப்பு. 'சோடியம் பால்மேட்' என்றால் பனை எண்ணெய், 'சோடியம் கோகோயேட்' என்றால் தேங்காய் எண்ணெய். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் இரண்டும் எதிலிருந்தும் வரலாம், அங்கேதான் பச்சைப் புள்ளி உதவும். ஆனால் பால், தேன், தேன்மெழுகு இருந்தாலும் பச்சைப் புள்ளி போட்டு விற்கிறார்கள், அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது மட்டும் போதாது.

பெண்களுக்கு இன்னொன்று: தலைமுடிக்கு 'கெரட்டின்' செய்கிறார்களே, அது ஆட்டு ரோமம், கொம்பு, குளம்பு, இறகு போன்றவற்றிலிருந்து எடுப்பது. 'ஸ்குவாலீன்' பழைய வழியில் சுறாவின் ஈரலில் இருந்து வரும். 'ஸ்குவாலேன்' என்று இருந்து, ஆலிவ் அல்லது கரும்பிலிருந்து என்று எழுதியிருந்தால் வாங்கலாம்.

கல்யாணப் புடவை பட்டா என்று நான் கேட்கப் போவதில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் போட்டுத்தான் அந்த நூல் வருகிறது என்பதை, முயலுக்காக இவ்வளவு யோசிக்கிற தங்கையிடம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மன்னைப்பெண்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கரந்தை அண்ணா, கோபம் ஒன்றும் இல்லை, உங்கள் பதிலைத் தங்கையிடம் அப்படியே காட்டிவிட்டேன். கூறைப்புடவை விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது, ரிசப்ஷனுக்குப் பருத்தி கட்டுகிறேன் என்று அவளே சொல்கிறாள்.

இரண்டு கேள்வி. ஒரு பிராண்ட் சரியாக நடந்துகொள்கிறது, ஆனால் அதன் தாய்க் கம்பெனி அப்படி இல்லை என்றால் வாங்கலாமா? இரண்டாவது, அம்மா சொல்கிற நலங்கு மாவு, ஜவ்வாது எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் முயல் பிரச்சினையே இல்லைதானே?

மருந்தியல்_நாகை:

முதல் கேள்விக்கு என் பதில், வாங்கலாம். பாடி ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அனிதா ராடிக் 1976-ல் இங்கிலாந்தில் தொடங்கியது, விலங்குச் சோதனைக்கு எதிராக ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிய கடை. 2006-ல் லோரியல் என்ற பெரிய அழகுசாதனக் கம்பெனி அதை வாங்கியது, 2017-ல் வேறு கைக்குப் போனது. லோரியல் கையில் இருந்த அந்த ஆண்டுகளில் நிறைய பேர் கடைக்குள் போவதையே நிறுத்தினார்கள். என் கணக்கு வேறு. பெரிய கம்பெனியின் கணக்கப்பிள்ளை எந்தச் சரக்கு போகிறது என்று பார்த்துத்தான் அடுத்த முடிவை எடுப்பான். சோதிக்காத சரக்கு விற்றால் அதை வளர்ப்பான்.

கரந்தைக்காரன்:

இதில் நாகை நண்பரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. காசு கடைசியில் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த விலைக்கு அதே தரத்தில் சொந்தமாக நடத்துகிற நம் நாட்டுக் கம்பெனிகள் இருக்கும்போது எதற்குச் சமாதானம் தேட வேண்டும்? வேறு கிடைக்காத பொருள் என்றால் சரி, லிப்ஸ்டிக் அப்படிப்பட்டதில்லை.

மாயவரம்_நாட்டுமருந்து:

இரண்டாவது கேள்வி என் பக்கத்து விஷயம், எங்கள் குடும்பம் மயிலாடுதுறையில் நாட்டு மருந்து வியாபாரம். நாட்டு மருந்துக் கடை என்றால் எல்லாம் செடிகொடி என்று நினைத்து வருகிறார்கள். அப்படி இல்லை தங்கச்சி. முயல் இல்லை, ஆனால் வேறு விலங்குகள் இருக்கின்றன.

புனுகு என்பது புனுகுப் பூனையின் வால் அடியில் இருக்கிற சுரப்பியிலிருந்து வருவது. கூண்டில் அடைத்து வழித்து எடுப்பார்கள். கஸ்தூரி ஆண் கஸ்தூரி மானின் வயிற்றுப் பையில் இருப்பது, அதற்காகவே மானைக் கொல்வார்கள். இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்குகள், அசல் என்று யாராவது கிசுகிசுத்து விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகிற கல், அறுத்த மாட்டிலிருந்து எடுப்பது. ஜவ்வாதில் பழைய செய்முறைப்படி புனுகு சேரும். இன்று குறைந்த விலையில் வருகிற டப்பாக்கள் பெரும்பாலும் செயற்கை வாசனைதான், உங்கள் நோக்கத்துக்கு அதுவே நல்லது. "அசல் புனுகு சேர்த்தது" என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நலங்கு மாவில் பயமே வேண்டாம். பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கார்போக அரிசி, கஸ்தூரி மஞ்சள், எல்லாம் மண்ணில் விளைவது. அம்மா சொல்வது சரி. அரைத்து வைத்த பாக்கெட்டை வாங்காமல் சரக்காக வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவைப் போட்டுவிடப் போகிறார்கள், முதலில் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், கல்யாணப் பெண் முகம்!

கஸ்தூரி மஞ்சளில் பெயரில்தான் கஸ்தூரி, அது கிழங்கு. ஆனால் ஒன்று பார்த்து வாங்க வேண்டும். கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிர் சந்தன நிறமாக இருந்து கற்பூர வாசனை லேசாக வர வேண்டும். உள்ளே பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள்கூவை, பெரும்பாலான கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்று கொடுப்பது அதைத்தான். தூளாக வாங்கினால் கண்டுபிடிக்கவே முடியாது, கிழங்காகக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லிவிட்டு எடையைப் போடச் சொல்லுங்கள்.